புதுச்சேரிக்கு வந்த போப்பாண்டவர் தூதர்

1703-ம் ஆண்டு நவம்பர் 6-ந் தேதி. ஐப்பசி மாதம், மழைக்காலம். புதுச்சேரிக் கடலில் ஒரு கப்பல் வந்து நின்றது. அந்தக் காலத்தில் அங்கே துறைமுகம் கிடையாது. கப்பல் ஆழத்தில் நங்கூரம் பாய்ச்சும். ஆட்கள் படகில் ஏறி, அலையில் குலுங்கிக் குலுங்கிக் கரைக்கு வர வேண்டும்.

அப்படி வந்து இறங்கினார், 34 வயது வாலிபர் ஒருவர். பெயர் சார்லஸ் தாமஸ் தெ தூர்னோன். ரோமாபுரியில் இருந்து போப்பாண்டவர் 11-ம் கிளமெண்ட் அனுப்பிய தூதர்!

அவர் கையில் இருந்த அதிகாரம் சாதாரணமானது அல்ல. இந்தியாவிலும் சீனாவிலும் உள்ள கத்தோலிக்கப் பாதிரிமார் அனைவரும் அவர் சொல்லுக்குக் கட்டுப்பட வேண்டும். அவர் பேசினால் போப்பாண்டவரே பேசியது போல. இந்த அதிகாரத்தோடு வந்தவருக்குத் தமிழ் தெரியாது. சீன மொழியும் தெரியாது.

ஏழு ஆண்டுகள் கழித்து அவர் இறந்தபோது, அவர் இருந்த வீட்டைச் சுற்றிச் சிப்பாய்கள் காவல் நின்றார்கள். இடையில் நடந்தது என்ன?

யார் இவர்?

தூர்னோன் பிறந்தது இத்தாலியின் வடக்கே உள்ள தூரின் நகரில், 1668-ம் ஆண்டு டிசம்பர் 21-ந் தேதி. சவாய் நாட்டுப் பிரபு குடும்பம். ரோமாபுரியில் படித்தார். ஒழுக்கத்தில் கண்டிப்பானவர், பக்தி மிகுந்தவர் என்று பெயர் எடுத்தார்.

1701-ம் ஆண்டு டிசம்பரில் போப்பாண்டவர் அவரைத் தூதராக நியமித்தார். அதே மாதம் தம் கையாலேயே அவருக்கு பிஷப் பட்டம் கட்டினார். "அந்தியோக்கியாவின் பேட்ரியார்க்" என்பது பட்டம். பெரிய பெயர்தான். ஆனால் அந்த ஊருக்கு அவர் போக வேண்டியதில்லை. தூதருக்கு ஓர் அந்தஸ்து வேண்டும் என்பதற்காகக் கொடுத்த பட்டம் அது.

போக வேண்டிய ஊர் வேறு. சீனாவின் தலைநகரம் பீக்கிங்! (இன்றைய பெய்ஜிங்.) புதுச்சேரி வழியில் ஒரு தங்கல்தான். ஆனால் அந்தத் தங்கல் எட்டு மாதம் நீடித்தது. தமிழ்நாட்டுக் கிறிஸ்தவர்களின் கதையில் அந்த எட்டு மாதத்தின் அடையாளம் நெடுங்காலம் அழியவில்லை.

காவி கட்டிய பாதிரியார்

கதை புரிய வேண்டுமானால் நூறு ஆண்டு பின்னால் போக வேண்டும்.

1606-ம் ஆண்டு மதுரைக்கு ஓர் இத்தாலியப் பாதிரியார் வந்தார். ராபர்ட் தெ நொபிலி. ஏசு சபையைச் சேர்ந்தவர். கிறிஸ்தவ மதம் என்றாலே அது பரங்கிகள் மதம், மாடு தின்பவர்கள் மதம் என்று மதுரை மக்கள் ஒதுங்கியதை அவர் பார்த்தார். உடனே அங்கியைக் கழற்றினார். காவி கட்டினார். மாமிசத்தை விட்டார். தமிழும் தெலுங்கும் சமஸ்கிருதமும் கற்றார். மதம் மாறியவர்கள் குடுமியை எடுக்க வேண்டாம், பூணூலைக் கழற்ற வேண்டாம், சந்தனம் பூசலாம் என்றார்.

"இது என்ன, கிறிஸ்தவமா இந்து மதமா?" என்று மற்றப் பாதிரிமார் சிலர் கூச்சல் போட்டார்கள். வழக்கு ரோமாபுரிக்குப் போயிற்று. 1623-ம் ஆண்டு போப்பாண்டவர் 15-ம் கிரகோரி, நொபிலியின் பக்கம் தீர்ப்பளித்தார். இவை குலத்தைக் காட்டும் அடையாளங்கள். மூட வழிபாடு கலக்காமல் இருந்தால் வைத்துக் கொள்ளலாம் என்பது தீர்ப்பு.

ஆனால் குலத்தை ஏற்றுக்கொண்டால் அதனுடன் வரும் மற்றதையும் ஏற்க வேண்டியிருந்தது! பிராமணர் நடுவே வாழும் பாதிரியார், தீண்டத்தகாதவர் என்று ஒதுக்கப்பட்ட மக்களின் தெருவில் கால் வைக்க முடியாது. வைத்தால் மறுநாள் மேல்சாதிக்காரர்கள் அவர் பக்கம் திரும்ப மாட்டார்கள். இதற்காகப் பிற்பாடு "பண்டார சாமி"கள் என்று இன்னொரு வகைப் பாதிரிமார் ஏற்பட்டார்கள். இவர்கள் எல்லாச் சாதியாரிடமும் பழகலாம். ஆனாலும் தாழ்த்தப்பட்டவரின் குடிசைக்குள் நுழைவது என்றால், அவர்களுக்கும் தயக்கம்தான்.

சாகக் கிடக்கும் கத்தோலிக்கருக்குப் பாதிரியார் வந்து பாவசங்கீர்த்தனம் கேட்க வேண்டும், எண்ணெய் பூச வேண்டும். அதுதான் கடைசி ஆறுதல். மேல்சாதி வீடாக இருந்தால் பாதிரியார் போவார். தாழ்த்தப்பட்டவராக இருந்தால்? நோயாளியைத் தூக்கிக்கொண்டு மாதாகோவிலுக்கு வர வேண்டும்!

இதைப் புதுச்சேரியில் இருந்த கப்புச்சின் சபைப் பாதிரிமார் கண்டித்தார்கள். ஏசு சபையாருக்கும் அவர்களுக்கும் ஏற்கனவே ஆகாது. ரோமாபுரிக்குப் புகார் மேல் புகார் பறந்தது. இந்தச் சண்டையின் நடுவில்தான் தூர்னோன் வந்து இறங்கினார்.

படுக்கையில் இருந்து ஒரு தீர்ப்பு

வந்தவரை நோய் பிடித்துக்கொண்டது. உள்நாட்டுக்குப் போய் மதுரையையும் கிராமங்களையும் நேரில் பார்க்க அவரால் முடியவில்லை. எட்டு மாதமும் புதுச்சேரியிலேயே கழிந்தது.

ஆகவே உள்நாட்டில் பழகியவர்களை அவர் தம்மிடம் வரவழைத்தார். கர்நாடக மிஷன் தலைவர் பூஷே, மதுரை மிஷனைச் சேர்ந்த பெர்டோல்டி என்ற இரண்டு ஏசு சபைப் பாதிரிமார் வந்தார்கள். கல்யாணத்தில் என்ன செய்வார்கள்? பெண் பெரியவளானால் என்ன செய்வார்கள்? தாலி எப்படி இருக்கும்? தூர்னோன் கேட்கக் கேட்க அவர்கள் பதில் சொன்னார்கள். மறைக்காமல்தான் சொன்னார்கள். அந்தப் பதில்களே தங்களுக்கு எதிரான தீர்ப்பாகத் திரும்பி வரும் என்று அவர்கள் நினைத்திருக்க மாட்டார்கள்!

1704-ம் ஆண்டு ஜுன் 23-ந் தேதி தூர்னோன் கட்டளையில் கையெழுத்திட்டார். அதில் 16 பிரிவுகள். தமிழர்களை அந்தக் கால ஐரோப்பியர் "மலபாரிகள்" என்று அழைத்தார்கள். ஆகவே இந்த விவகாரத்துக்கு "மலபார் சடங்குகள்" என்றே சரித்திரத்தில் பெயர். கேரளத்துக்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை.

கட்டளை என்ன சொன்னது?

தாலியில் பிள்ளையார் உருவம் கூடாது. சிலுவையோ மாதா உருவமோ இருக்கலாம். தாலியைக் கோக்கும் மஞ்சள் தோய்த்த 108 இழைக் கயிறு கூடாது. கல்யாணத்தில் அரசங்கிளை நடக் கூடாது. சகுனம் பார்த்துத் தேங்காய் உடைக்கக் கூடாது. சாணச் சாம்பலைப் பூசக் கூடாது. கிறிஸ்தவ வாத்தியக்காரர்கள் இந்துக் கோவில்களில் வாசிக்கக் கூடாது.

ஞானஸ்நானம் கொடுக்கும்போது பாதிரியார் தம் எச்சிலைத் தொட்டுக் குழந்தையின் காதிலும் மூக்கிலும் வைப்பது ரோமாபுரி வழக்கம். இங்கே எச்சில் என்றால் என்ன அர்த்தம்? தமிழ் வீட்டில் பிறந்த சிறு குழந்தைக்கும் தெரியும். அதனால் ஏசு சபையார் அந்தச் சடங்கை விட்டுவிட்டார்கள். "விடக் கூடாது, செய்தே ஆக வேண்டும்" என்றார் தூர்னோன்.

இவற்றில் பல, ஊரைப் பார்க்காதவர் போட்ட உத்தரவு என்பது படித்தவுடனே தெரிகிறது. மஞ்சள் கயிற்றில் என்ன பாவம் இருக்கிறது என்று ஒரு தமிழ்ப் பெண்ணிடம் அவர் கேட்டிருந்தால் போதும்.

ஆனால் அதே காகிதத்தில் வேறு சிலவும் இருந்தன. ஆறு ஏழு வயதுக் குழந்தைகளுக்குக் கல்யாணம் செய்து வைக்கக் கூடாது. மாதவிலக்கான பெண்களை மாதாகோவிலில் இருந்தும் பாவசங்கீர்த்தனத்தில் இருந்தும் ஒதுக்கி வைக்கக் கூடாது. இவற்றை எழுதியவரும் அதே தூர்னோன்தான்.

எல்லாவற்றையும் விட முக்கியமானது இன்னொன்று. தாழ்த்தப்பட்டவர் நோயில் கிடந்தால் பாதிரியார் அவருடைய வீட்டுக்கே போக வேண்டும். நோயாளியை மாதாகோவிலுக்குத் தூக்கி வரட்டும் என்று காத்திருக்கக் கூடாது. ஆத்துமாவுக்கு வைத்தியம் செய்கிறவர் நோயாளியின் சாதியைப் பார்க்கலாமா என்பதே அதன் கருத்து.

மூன்றே நாள்

கையெழுத்தாகி இரண்டு வாரம் கட்டளை வெளியே வரவில்லை. ஜுலை 8-ந் தேதிதான் ஏசு சபையின் புதுச்சேரித் தலைவர் தஷார் பாதிரியாரிடம் அது கொடுக்கப்பட்டது. தூர்னோன் கப்பல் ஏறும் நாளோ ஜுலை 11!

ஏசு சபையார் பதறிப் போனார்கள். மூன்றே நாள் இருக்கிறது. தூதரிடம் ஓடினார்கள். "அரைகுறைத் தகவலை வைத்து இதைப் போட்டுவிட்டீர்கள். இதை நடத்தினால் நூறு ஆண்டு உழைப்பு மண்ணாகிப் போகும்" என்று வாதாடினார்கள்.

தூர்னோன் பிடிவாதக்காரர். ஆனாலும் கொஞ்சம் இறங்கி வந்தார். கட்டளையை மீறினால் தண்டனை என்ற மிரட்டலை, வாய்வார்த்தையாக நீக்கினார். ஒரு பிரிவை மட்டும் தற்காலிகமாக நிறுத்தி வைக்கச் சம்மதித்தார்.

எந்தப் பிரிவு? எச்சிலா? தாலிக் கயிறா? இல்லை. தாழ்த்தப்பட்ட நோயாளியின் வீட்டுக்குப் பாதிரியார் போக வேண்டும் என்ற பிரிவு!

பதினாறில் ஒன்றை நிறுத்த வேண்டி வந்தபோது, குடிசைக்குள் போகச் சொன்ன அந்த ஒன்றுதான் அகப்பட்டது. ஏசு சபையாரின் பயம் பொய் அல்ல. மேல்சாதிக்காரர்கள் விலகித்தான் போயிருப்பார்கள். ஆனால் நோயில் கிடந்தவர்களை யார் கேட்டார்கள்? புதுச்சேரியில் நடந்த அந்த மூன்று நாள் பேச்சில் அவர்கள் சார்பில் பேச ஆள் இருந்ததாகத் தெரியவில்லை.

ஜுலை 11-ந் தேதி தூர்னோன் கப்பல் ஏறினார்.

சக்கரவர்த்தியின் சபையில்

புதுச்சேரியில் இருந்து மணிலா. மணிலாவில் இருந்து மக்காவோ. அங்கிருந்து காண்டன். பிறகு சீனாவின் தெற்கில் இருந்து வடக்கே நெடும் பயணம். 1705-ம் ஆண்டு டிசம்பர் 4-ந் தேதி தூர்னோன் பீக்கிங் போய்ச் சேர்ந்தார்.

அப்போது சீனாவை ஆண்டவர் காங்ஸி சக்கரவர்த்தி. உலகத்தின் மிகப் பெரிய அரசர்களில் ஒருவர். கணிதம், வானசாஸ்திரம், வைத்தியம் எல்லாவற்றிலும் ஆசை உள்ளவர். ஏசு சபைப் பாதிரிமாரை அரண்மனையில் வைத்துப் பாடம் கேட்டவர். 1692-ம் ஆண்டு கிறிஸ்தவ மதத்தைத் தம் நாட்டில் பரப்ப அனுமதி கொடுத்தவரும் அவரே.

இங்கேயும் அதே பிரச்சினைதான், பெயர் மட்டும் வேறு. சீனர்கள் இறந்துபோன முன்னோர்களின் பெயர்ப் பலகைக்கு ஊதுவத்தி ஏற்றி வணங்குவார்கள். ஞானி கன்பூசியசுக்கும் மரியாதை செய்வார்கள். கிறிஸ்தவர் ஆன சீனர் இதைச் செய்யலாமா? பெரியோருக்குச் செய்யும் மரியாதைதான், செய்யலாம் என்றார்கள் ஏசு சபையார். அது விக்கிரக ஆராதனை என்றார்கள் மற்றவர்கள். 1700-ம் ஆண்டு காங்ஸியே, "இது மரியாதைதான், வழிபாடு அல்ல" என்று சொல்லிவிட்டார். நாட்டின் சக்கரவர்த்தி தம் நாட்டு வழக்கத்துக்குத் தாமே விளக்கம் கொடுத்த பிறகு வேறு யார் சொல்ல வேண்டும்?

ரோமாபுரி சொன்னது! 1704-ம் ஆண்டு நவம்பரில், தூர்னோன் வழியில் இருந்தபோதே, சடங்குகள் கூடாது என்று அங்கே முடிவாகிவிட்டது.

1705-ம் ஆண்டின் கடைசி நாளில் காங்ஸி தூதரை மிகுந்த மரியாதையுடன் வரவேற்றார். ஆனால் நாளாக ஆக அவருக்குச் சந்தேகம் வந்தது. இவர் எதற்கு வந்தார்? கேட்டால் நேரான பதில் இல்லை. 1706-ம் ஆண்டு ஜுனில் நடந்த இரண்டாவது பேட்டியோடு உறவு கசந்தது. பீக்கிங்கிலும் தூர்னோனை நோய் விடவில்லை.

நான்கு எழுத்து

சீனச் சடங்குகளை எதிர்த்தவர்களில் முக்கியமானவர் பிஷப் மேக்ரோ. பிரெஞ்சுக்காரர். இருபது ஆண்டுக்கு மேல் சீனாவில் இருந்தவர். சீன நூல்களைப் பற்றித் தமக்கு ஆலோசனை சொல்ல அவரையே தூர்னோன் நம்பியிருந்தார்.

"அந்தப் பண்டிதரை அழைத்து வாருங்கள்" என்றார் காங்ஸி.

1706-ம் ஆண்டு ஆகஸ்டில், ஜெஹோலில் உள்ள கோடை அரண்மனையில் மேக்ரோ சக்கரவர்த்தியின் முன் நின்றார். சிம்மாசனத்துக்குப் பின்னால் நான்கு சீன எழுத்துக்கள் தொங்கின. "படியும்" என்றார் சக்கரவர்த்தி.

மேக்ரோவால் படிக்க முடிந்தது ஒரே ஒரு எழுத்து!

காங்ஸிக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சம் அல்ல. வீட்டு வாசலில் நின்றுகொண்டு, உள்ளே என்ன நடக்கிறது என்று தீர்ப்புச் சொல்லுகிற மனிதர் என்று மேக்ரோவைப் பற்றிச் சொன்னார். அந்த வார்த்தை மேக்ரோவுக்குச் சொன்னது. தூர்னோனுக்கும் அது பொருந்தாமல் போகவில்லை.

அதே மாதம் தூர்னோன் பீக்கிங்கை விட்டுக் கிளம்ப வேண்டியதாயிற்று. ஆண்டு முடிவதற்குள் காங்ஸி ஓர் உத்தரவு போட்டார். சீனாவில் இருக்க விரும்பும் பாதிரிமார் எல்லாரும் அனுமதிச் சீட்டு வாங்க வேண்டும். சீனாவில் முதலில் பணி செய்த பாதிரியார்களில் ஒருவரான மாத்தேயு ரிச்சியின் வழியில், அதாவது சடங்குகளை ஏற்று நடப்பதாக, வாக்குக் கொடுக்க வேண்டும். சாகும் வரை சீனாவிலேயே இருக்க வேண்டும்.

தூர்னோன் சும்மா இருந்தாரா? நான்கிங் நகரில் இருந்தபடி 1707-ம் ஆண்டு ஜனவரி 25-ந் தேதி அவரும் ஒரு கட்டளை போட்டார். சடங்குகளைப் பற்றி அதிகாரிகள் கேட்டால், "கூடாது" என்றே பாதிரிமார் பதில் சொல்ல வேண்டும். மீறினால் சபையில் இருந்து தள்ளி வைக்கப்படுவார்கள்!

பாதிரிமார் பாடு திண்டாட்டம். சீட்டு வாங்கினால் தூதர் தள்ளி வைப்பார். வாங்காவிட்டால் சக்கரவர்த்தி நாடு கடத்துவார். சிலர் வாங்கினார்கள், சிலர் மூட்டை கட்டினார்கள்.

மக்காவோ காவல்

தூர்னோனை மக்காவோவுக்குக் கொண்டுபோய்ப் போர்த்துகீசியரிடம் ஒப்படைக்கும்படி காங்ஸி உத்தரவிட்டார். 1707-ம் ஆண்டு ஜுன் கடைசியில் அவர் அங்கே போய்ச் சேர்ந்தார்.

போர்த்துகீசியர் கத்தோலிக்கர்கள்தானே, போப்பாண்டவரின் தூதரைத் தலையில் வைத்துக் கொண்டாடியிருக்க வேண்டும் அல்லவா? நடந்தது வேறு. கிழக்கு நாடுகளில் பாதிரிமாரை அனுப்பும் உரிமை தங்கள் அரசருக்கே என்று அவர்கள் நெடுநாளாகச் சொல்லி வந்தார்கள். பழைய போப்பாண்டவர்கள் கொடுத்த உரிமை அது. தூர்னோன் அவர்கள் அரசரைக் கேட்காமல், பிரெஞ்சுக் கப்பலில் வந்தவர். ஆகவே அவரைத் தூதராகவே அவர்கள் ஏற்கவில்லை. வீட்டில் அடைத்தார்கள். சுற்றிலும் சிப்பாய்களை நிறுத்தினார்கள்.

அவரும் பணிந்து போகவில்லை. மக்காவோ பிஷப்பையும் கவர்னரையும் சபையில் இருந்து தள்ளி வைப்பதாக அறிவித்தார். வீட்டை விட்டு வெளியே போக முடியாதவர் ஊரின் பெரிய மனிதர்களையே தள்ளி வைத்தார்!

இதற்கிடையில், 1707-ம் ஆண்டு ஆகஸ்டு 1-ந் தேதி போப்பாண்டவர் அவருக்குக் கார்டினல் பதவி கொடுத்திருந்தார். போப்பாண்டவருக்கு அடுத்தபடியான பதவி. அதற்குரிய சிவப்புத் தொப்பி கடல் கடந்து மக்காவோவுக்கு வந்து சேர இரண்டரை ஆண்டு ஆயிற்று. 1710-ம் ஆண்டு ஜனவரியில், மத்தேயோ ரிப்பா முதலிய பாதிரிமார் அதைக் கொண்டு வந்தார்கள். காவலில் இருந்தபடியே தூர்னோன் அதைப் பெற்றார்.

ஐந்து மாதம்கூட அவர் அதை அணியவில்லை. 1710-ம் ஆண்டு ஜுன் 8-ந் தேதி இறந்தார். வயது 41.

பிறகு?

ரோமாபுரி அவரைக் கைவிடவில்லை. அவர் செய்தது சரியே என்றது. 1715-ம் ஆண்டு போப்பாண்டவர் மறுபடியும் கண்டிப்பான தடை போட்டார். அதைச் சீனாவில் விளக்க மெஸ்ஸபார்பா என்ற அடுத்த தூதர் போனார். தடையின் மொழிபெயர்ப்பைப் படித்த காங்ஸி, இனி இவர்கள் மதமே இங்கு வேண்டாம் என்று எழுதினார். 1724-ம் ஆண்டு அவர் மகன் காலத்தில் கிறிஸ்தவ மதம் சீனாவில் தடை செய்யப்பட்டது.

மெஸ்ஸபார்பா சீனாவில் ஒன்றும் சாதிக்கவில்லை. திரும்பும்போது தூர்னோனின் உடலை மட்டும் தம்முடன் எடுத்துச் சென்றார். 1723-ம் ஆண்டு ரோமாபுரியில் அது அடக்கம் செய்யப்பட்டது.

சீனச் சடங்குகளுக்கு இருந்த தடையை 1939-ம் ஆண்டு போப்பாண்டவர் 12-ம் பயஸ் பெருமளவு நீக்கினார். முன்னோருக்கும் கன்பூசியசுக்கும் மரியாதை செய்யலாம் என்று ஆயிற்று. ஏறக்குறைய காங்ஸி 1700-ல் சொன்ன அதே விளக்கம்! மலபார் சடங்குகளை எதிர்த்து இந்தியப் பாதிரிமார் எடுத்து வந்த சத்தியப் பிரமாணமும் 1940-ம் ஆண்டு நீக்கப்பட்டது.

புதுச்சேரியில் நிறுத்தி வைத்த அந்த ஒரு பிரிவு என்ன ஆயிற்று? பூஷே பாதிரியாரும் இன்னொருவரும் அதற்காக ரோமாபுரி வரை போய் வாதாடினார்கள். வழக்கு போப்பாண்டவர்கள் நான்கு பேர் காலம் நடந்தது. கடைசியில், 1744-ம் ஆண்டு, 14-ம் பெனடிக்ட் முடிவான தீர்ப்பை எழுதினார். தாழ்த்தப்பட்ட நோயாளியின் வீட்டுக்குப் பாதிரியார் போயே ஆக வேண்டும் என்றது தீர்ப்பு. தூர்னோன் எழுதி 40 ஆண்டு கழித்து!

ஏசு சபையார் ஒரு வழி சொன்னார்கள். தாழ்த்தப்பட்டவர்களுக்கென்றே தனியாகச் சில பாதிரிமாரை வைத்துவிடுகிறோம்; அவர்கள் அந்த வீடுகளுக்குப் போவார்கள், மற்றவர்கள் பழையபடி இருப்பார்கள் என்றார்கள். போப்பாண்டவர் அதற்கு ஒப்புக்கொண்டார். பாதிரியார் குடிசைக்குள் போனார். அந்தக் குடிசைக்கென்று தனியாக வைத்த பாதிரியார்.